பாஸ்டர் தனியாகப் போக வேண்டாம்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சபை மூப்பர் எழுதியிருக்கிறார்:

"எங்களுடையது எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனிச் சபை. ஞாயிறு ஆராதனைக்குப் பெரியவர்கள் 80 பேர் அளவில் வருவார்கள். பாஸ்டருக்கு 63 வயது. சீனி வருத்தம். போன வருடம் காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பிறகு யார் என்று நாங்கள் பேசியதே இல்லை. இப்போது இரண்டு பேர் தங்களுக்கு ஊழிய அழைப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு 26 வயது, கந்தோரில் கணக்கு வேலை. நன்றாகப் பேசுவார், பாடுவார். மற்றவருக்கு 34. ஓட்டோ ஓட்டுகிறார், ஓ.எல். வரை படித்தவர், இரண்டு பிள்ளைகள், அதிகம் பேச மாட்டார். கனடாவில் இருக்கும் எங்கள் பழைய அங்கத்தவர் ஒருவர், முதலாமவரை இந்தியாவில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கு மூன்று வருடம் அனுப்பும் செலவைத் தானே தருவதாகச் சொல்கிறார். திரும்பி வந்ததும் அவரையே பாஸ்டராக்க வேண்டுமாம். சபையிலேயே வைத்துப் பயிற்சி கொடுக்க முடியாதா என்று நான் கேட்டேன். 'நாங்கள் என்ன கல்லூரியா?' என்று குழுவில் சிரித்துவிட்டார்கள். நான் கேட்டது தவறா?"

அன்புள்ள சகோதரருக்கு,

தவறில்லை. சிரித்தவர்கள்மேலும் கோபப்படாதீர்கள். 30 வருடத்துக்கு முன் அந்தக் குழுவில் நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சபையில் பயிற்சி என்றதும் அவர்களுக்குக் கரும்பலகையும் மேசையும் பாடத்திட்டமும் கண்ணில் வந்திருக்கும். நான் சொல்லப்போவது அதைவிடச் சின்ன விஷயம். இந்த வாரத்திலிருந்து உங்கள் பாஸ்டர் எங்கேயும் தனியாகப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா, இந்த இரண்டு பேரில் ஒருவர் கூடப் போகட்டும். மரண வீடு, கல்யாணப் பேச்சு, வேலை போனவர் வீடு, சபைக் கட்டிடத்துக்கு வாடகை கட்டப் போகும் இடம், எதுவானாலும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆளோடு ஆள் தனியாக மனம் திறக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவை தவிர மற்ற எல்லா இடத்துக்கும்.

எனக்குப் பயிற்சி தந்த போதகர் எனக்கென்று ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. 22 வயதில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டே அவர் பின்னால் திரிந்தேன். ஒரு நாள் பின்னேரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புறக்கோட்டையில் மூட்டை சுமந்த ஒரு பெரியவர். ஈரலில் வருத்தம், இனி நாட்கணக்குத்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் வேதாகமத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே ரோமர் 8ஆம் அதிகாரத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். அவருக்குச் சொல்ல எனக்கு அவ்வளவு இருந்தது.

போதகர் கட்டிலண்டை போய் நின்றார். பெரியவரின் பாதம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயா, சோறு இறங்குதா?" என்று கேட்டார். பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் ஒரு பேச்சும் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சிங்களத்தில் ஏதோ கேட்க, போதகர் எழுந்து போய் அவருடைய போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு பெரியவர் தானாகவே வாய் திறந்தார். ஊரில் இருக்கும் மகனோடு 11 வருடம் பேச்சு இல்லை என்றார். கண்ணீர் காதுப் பக்கமாய் வழிந்தது. போதகர் 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார், இரண்டு வரியில் ஜெபித்தார், மகன் இருக்கும் ஊரையும் பெயரையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்போது, "நீ ஏன் அவசரப்பட்டாய்?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லையே என்றேன். "பையின் சிப்பை மூன்று தரம் திறந்து மூடினாய்" என்றார்.

அந்த ஒரு பின்னேரத்தில் படித்ததை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. புத்தகத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் கவனியுங்கள்: "நீ என்னிடத்தில் கேட்டவைகளை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி." ஒப்புவிப்பது என்றால் கையிலிருந்து கைக்குக் கொடுப்பது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

இனி என்னுடைய தவறைச் சொல்கிறேன். உங்கள் சபைக்கு அது உதவும்.

நான் மேய்த்த ஒரு சபையில் ஒரு தம்பி இருந்தான். வயது 25. பிரசங்கம் என்றால் பிரசங்கம்! கிழவிகள் அழுவார்கள், வாலிபர் எழுந்து நிற்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, உதவிப் போதகராகக் கைகளை வைத்து அபிஷேகம் பண்ணிவிட்டோம். ஒன்றரை வருடத்தில் சபை இரண்டாகப் பிரிந்தது. அவன் கெட்டவன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவனை நான் மேடையில் மட்டும்தான் பார்த்திருந்தேன், அதுதான் பிழை. முதன்முதலாக அவனை வேறோர் இடத்தில் பார்த்தது ஒரு குழுக் கூட்டத்தில். பிளாஸ்டிக் கதிரை வாங்கிய விஷயம். வயதான ஒரு மூப்பர், "தம்பி, பில்லைக் காட்டுங்கோ" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவன் எழுந்து, சபைத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். கதிரைக்கு ஒரு பில். அந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியாத மனிதனிடத்தில் 60 குடும்பத்தைக் கொடுத்திருந்தேன். "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்று எழுதியிருப்பதை அதற்கு முன் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஆகவே உங்கள் 26 வயதுத் தம்பியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, கேட்டு மட்டும் இருக்கிறீர்கள் என்கிறேன். ஞாயிறு பாடசாலையில் சத்தம் போடும் எட்டு வயதுப் பையன்களை ஒரு வருடம் அவரிடம் விடுங்கள். ஆராதனை முடிந்து கதிரை அடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவர் பேசிய பிரசங்கத்தில் பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். முகம் கறுத்தால் பரவாயில்லை, எல்லாருக்கும் கறுக்கும். அடுத்த கிழமை மறுபடியும் வருகிறாரா என்று பாருங்கள்.

ஒன்று தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேய்க்கிறவருக்கு, இருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். திறமை என்று தனியாகச் சொல்லத்தக்கது "போதகசமர்த்தன்", போதிக்கத் தெரிந்தவன், என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் ஆளின் குணமும் வீட்டை நடத்தும் விதமும். கடைசியாக, "புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயும்" என்று வருகிறது. புறம்பானவர்கள் என்றால் சபைக்கு வெளியே இருப்பவர்கள். நம்முடைய சபைகள் பொதுவாகத் தாண்டிப் போகும் வரி இது. கணக்குத் தம்பியின் கந்தோரில் அவரோடு வேலை செய்யும் சிங்களவர் ஒருவரிடம், முஸ்லிம் ஒருவரிடம், அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். ஓட்டோத் தம்பி எந்தச் சந்தியில் நிறுத்துகிறாரோ அங்கே மற்ற ஓட்டோக்காரரிடம் கேளுங்கள். இரண்டு ரூபாய் மிச்சம் தருகிறாரா, வரிசையைத் தாண்டி ஹயர் பிடிக்கிறாரா, அவர்களுக்குத் தெரியும். தீமோத்தேயுவைப் பவுல் சேர்த்துக்கொண்டதும் சாட்சியின் பேரில்தான். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர் அவனைக்குறித்து நல்ல சாட்சி சொன்ன பிறகுதான்.

ஓட்டோத் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியது நாலே விஷயம்தான்: ஓட்டோ, ஓ.எல்., பிள்ளைகள், பேச மாட்டார். குழுவில் அவர் பெயர் எப்படி அடிபட்டிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பேர்பெற்ற பிரசங்கி 1850களில் போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது மாணவன் ஒரே ஒருவன்தான். கயிறு திரிக்கும் தொழில் பழகிய இளைஞன். அவன் பேசும் ஆங்கிலம் பிழை மயம், இவனைத் தெருவில் பிரசங்கிக்க விடலாமா என்று சபையில் முறைப்பாடு வந்தது. ஸ்பர்ஜன் அவனை நிறுத்தவில்லை, படிப்பித்தார். அந்த ஒருவனில் தொடங்கியதுதான் பிறகு பெரிய கல்லூரி ஆனது.

உங்கள் தம்பிக்கு இன்னொன்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கொழும்பில் ஓட்டோ ஓட்டுகிறவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்டபாடாக இருக்கும். நம்முடைய போதகர்கள் பலருக்கு அது வராது. பொலிஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரியில், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் இடத்தில், சபை மக்கள் பாஸ்டரைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே போய்ப் பாஸ்டர் ஊமையாக நின்றால் என்ன செய்வது? கணக்குத் தம்பிக்குச் சிங்களம் குறைவென்றால் அதுவும் அவருடைய பயிற்சியில் ஒரு பாடமாகட்டும்.

சரி, பிரசங்கம். இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் கொஞ்சம் பின்தள்ளிவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு தரம், இருவருக்கும் மாறி மாறி, ஜெபக்கூட்டத்தில் 20 நிமிடம் கொடுங்கள். உடனே ஞாயிறு பிரசங்கம் வேண்டாம். பேசப்போகும் பகுதியைப் பத்து நாளைக்கு முன்பே பாஸ்டர் குறித்துக் கொடுக்கட்டும். தானாகப் பகுதி எடுக்க விட்டால் வாலிபன் தனக்குப் பிடித்ததையே ஆறு மாதம் பேசுவான். பேசி முடித்த அன்றிரவே குறை சொல்ல வேண்டாம். அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வராது, அது போதும். இரண்டு நாள் கழித்து பாஸ்டரும் இரண்டு மூப்பரும் உட்கார்ந்து பேசுங்கள்.

எப்படிப் பேசுவது என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். ஒரு தம்பி காணாமல்போன ஆட்டைப் பற்றி 55 நிமிடம் பேசினான். உருக்கமான பேச்சு. ஆடு முள்ளில் சிக்கியது, காலில் இரத்தம், மேய்ப்பன் மழையில் நனைந்தது, எல்லாம் வந்தது. திறனாய்வுக்கு உட்கார்ந்தபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இயேசு இந்த உவமையை யாருக்குச் சொன்னார்?" அவன் யோசித்தான். லூக்கா 15ஐத் திறந்து முதலாவது, இரண்டாவது வசனத்தை வாசிக்கச் சொன்னேன். ஆயக்காரரும் பாவிகளும் அவரிடத்தில் வருகிறார்கள், மதத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். உவமை அந்த முறுமுறுப்புக்குப் பதில். அவன் பேசிய முள்ளும் மழையும் வேதத்தில் இல்லை. வேதத்தில் இருந்த முறுமுறுப்பு அவன் பேச்சில் இல்லை. அவனுடைய முகம் மாறியதைப் பார்த்தேன். "அப்போ நான் பரிசேயருக்கு ஒன்றுமே சொல்லவில்லை" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் பிரசங்கம் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சின்னக் குறை, சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் பிள்ளைகள் கொழும்பில் பிறந்து, கொழும்புத் தமிழில் பேசித் திரிந்துவிட்டு, மைக்கைப் பிடித்ததும் சென்னைக்காரர் ஆகிவிடுகிறார்கள். தொலைக்காட்சியிலும் யூடியூப்பிலும் கேட்ட தமிழ்நாட்டுப் பிரசங்கிகளின் குரல், இழுவை, இருமல்கூட வருகிறது. அம்மாவோடு எப்படிப் பேசுகிறாயோ அப்படிப் பேசு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப்பேர் மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர்கள், மீதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள், சிலர் மூன்று தலைமுறைக் கொழும்பு. அவர்களுடைய பாஷையில் சொன்னால் போதும்.

படிப்புக்கு வருகிறேன். சபைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு வேதத்தை ஒழுங்காகப் படிக்காமல் தப்பிக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனம். நமக்கு ஒரு வசதி உண்டு, மற்ற நாடுகளில் இல்லை: போயா, பௌர்ணமி விடுமுறை. வருடத்துக்கு 12, சில வருடம் 13. கந்தோர் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. ஒவ்வொரு போயாவும் காலை 9 மணிக்கு பாஸ்டர் வீட்டில் உட்காருங்கள், ஒரு மணிக்குச் சோற்றுப் பார்சல், அத்தோடு முடியுங்கள். முதல் வருடம் வேதாகமம் முழுவதும், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, ஒவ்வொரு புத்தகமும் எதற்காக எழுதப்பட்டது என்று. இரண்டாம் வருடம் உபதேசம். மூன்றாம் வருடம் சபைச் சரித்திரமும், ஒரு சபையை நடத்துவதற்கு வேண்டிய மற்றதும். ஓட்டோத் தம்பி போயா அன்று ஓடாவிட்டால் அன்றைய வருமானம் போகும். அதைச் சபை கொடுக்க வேண்டும். கொடுப்பதாகச் சொல்லாதீர்கள், கையில் கொடுங்கள்.

பாஸ்டரால் எல்லாம் படிப்பிக்க முடியாது. அவரே அதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அங்கேதான் கல்லூரி. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் 1963 முதல் பல திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் இறையியல் கல்லூரி இருக்கிறது. கொழும்பிலேயே 1994 முதல் கொழும்பு இறையியல் செமினரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் படிப்பிக்கிறது. ஆளைச் சபையிலிருந்து பிடுங்காமல், வேலையிலிருந்தும் பிடுங்காமல், ஒவ்வொரு பாடமாக எடுத்துப் படிக்க வழி இருக்கிறதா என்று முதலில் உள்ளூரில் விசாரியுங்கள். கிரேக்கமும் எபிரெயமும் சபையில் சொல்லித்தர உங்களிடம் ஆள் இல்லை. அதைக் கற்றவர்களிடம் கற்கட்டும். ஆனால் இவர் மேய்ப்பரா இல்லையா என்ற தீர்ப்பைக் கல்லூரியிடம் கேட்காதீர்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவர்களும் அதைச் சொல்ல வரவில்லை.

நம்முடைய சரித்திரத்தில் இதற்குச் சாட்சி உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். இந்த மண்ணிலிருந்தே சுவிசேஷ ஊழியரை எழுப்ப வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். என்ன படிப்பு! தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை இல்லாவிட்டால் பழந்தமிழ் நூல்கள் சில நமக்கு ஏட்டோடு போயிருக்கும். ஆனால் அவ்வளவு நல்ல படிப்பு பட்டதாரிகளை அரசாங்க உத்தியோகத்துக்கே கொண்டு போனது. கிராமத்துச் சபைக்கு வந்தவர்கள் குறைவு. 1855இல் அதை மூடியதற்கு அது ஒரு முக்கிய காரணம். தமிழுக்கு நட்டமில்லை, போதகர்தான் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம் கடலூர் ஆரோன். 1718இல் தரங்கம்பாடி மிஷனில் ஞானஸ்நானம் பெற்றார். 1733இல்தான் போதகராக அபிஷேகம், தமிழரில் முதலாவது லுத்தரன் போதகர். இடையில் 15 வருடம். உபதேசியாராக வேலை செய்து, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் நடந்து காட்டிய பிறகு கைகளை வைத்தார்கள். 15 வருடம் உங்களிடம் இல்லை, உங்கள் பாஸ்டரின் கால் அவ்வளவு பொறுக்காது. மூன்று வருடம் இருக்கிறது. பவுல் எபேசுவில் இருந்ததும் அவ்வளவுதான்.

கனடாப் பணம். அந்தச் சகோதரரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 26 வயதில் ஒருவரை மூன்று வருடம் வெளிநாடு அனுப்பி, திரும்பி வரும்போது பதவி காத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், வரும்போது அவர் உங்களுக்கு அந்நியர். சபையில் பாதிப்பேரை அவருக்குத் தெரியாது. இடையில் செத்தவர்களை அடக்கம் பண்ணியதும் அவர் இல்லை. அதோடு, பணம் அனுப்புகிறவர் டொரோன்டோவிலிருந்து பாஸ்டரைத் தெரிவு செய்தால், பிறகு நீக்குவதும் அங்கிருந்துதான். அவருக்கு அன்பாக எழுதுங்கள்: "அண்ணா, பாஸ்டர் யார் என்று சபை கர்த்தருக்கு முன்பாகத் தீர்மானிக்கும். நீங்கள் உதவ விரும்பினால் இரண்டு பேருக்கும் புத்தகத்துக்கும் பாடக் கட்டணத்துக்கும் உதவுங்கள்." அதற்குப் பிறகும் அனுப்பினால் நன்றியோடு வாங்குங்கள். அனுப்பாவிட்டால், 80 பேர் மாதம் இவ்வளவு என்று கொடுத்து நடத்த முடியாத அளவு பெரிய செலவு ஒன்றும் நான் மேலே சொல்லவில்லை.

இரண்டு பேரையும் சேர்த்துத் தொடங்குங்கள். இந்த மூன்று வருடமும் யாரையும் "இளைய பாஸ்டர்" என்று அழைக்க விடாதீர்கள். நம் ஊரில் பட்டம் மலிவு. ஒரு தரம் வாயில் வந்தால் திரும்ப எடுக்க முடியாது. முடிவில் இருவருமே போதகராகாமல் போகலாம். ஒருவர் நல்ல மூப்பராகலாம். அதற்காக இந்த வருடங்கள் வீண் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஓட்டோத் தம்பியின் மனைவியோடு உங்கள் மனைவி தனியாகப் பேசட்டும். கணவர் பக்கத்தில் இல்லாமல். பாஸ்டரின் வீட்டுக் கதவு எந்த நேரமும் தட்டப்படும், வரும் சம்பளம் ஓட்டோவில் வருவதைவிடக் குறையலாம். அவருக்கு இது தெரியுமா, சம்மதமா? சம்மதம் இல்லாவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம். பவுலும் கூடாரம் பண்ணிக்கொண்டுதான் ஊழியம் செய்தார். இவரும் ஓட்டோவை வைத்துக்கொண்டே செய்யலாம்.

பெண்களைப் பயிற்றுவிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இங்கே நான் நீட்டவில்லை. ஆனாலும் பிரசங்கியான அப்பொல்லோவைத் தனியே அழைத்து வழியைத் திட்டமாய் விளக்கிக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. பிரசங்கம் பேசிப்பார்க்க உட்காரும் அந்த அறையில் உங்கள் சபைத் தாய்மார் ஒருவரும் இருந்தால் நல்லது. ஆண்கள் தட்டிக்கொடுக்கும் இடத்தில் அவர்கள் நேராகச் சொல்வார்கள்.

கடைசியாக, முதலில் செய்ய வேண்டியது. இது எதையும் குழுவில் வைப்பதற்கு முன் நீங்கள் பாஸ்டர் வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அவர் கால்விரல்தான். 63 வயது, விரல் எடுத்தாகிவிட்டது, வாரிசைப் பற்றி யாரும் பேசவில்லை. மூப்பர்களுக்கு ஒரு பயம், தன்னை அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று. அவருக்கும் ஒரு பயம் இருக்கும், வாயால் சொல்ல மாட்டார். உங்கள் சபை இத்தனை வருடமும் அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டியதா? நமது தனிச் சபைகளில் நான் அறிந்தவரை பெரும்பாலும் கட்டியதில்லை. அவர் இருக்கும் வீடு சபை வாடகை கொடுக்கும் வீடா? அப்படியென்றால், அடுத்த பாஸ்டரைப் பயிற்றுவியுங்கள் என்று சொல்வது, உங்கள் வீட்டையும் மருந்தையும் இன்னொருவரிடம் ஒப்புவியுங்கள் என்று சொல்வதுபோல் அவர் காதில் விழும். எந்த மனிதன் அதை மனதோடு செய்வான்? நானும் செய்திருக்க மாட்டேன்.

ஆகவே போகும்போது ஒரு தாளைக் கொண்டுபோங்கள். ஓய்வுக்குப் பிறகு அவருக்கும் அவர் மனைவிக்கும் வாடகை, மருந்து, மாதச் செலவு, இவ்வளவை சபை கொடுக்கும் என்று தொகையோடு எழுதி, மூப்பர்கள் எல்லாரும் கையெழுத்து வைத்த தாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிளேன்ரீ குடித்து முடியும் வரை பேசாமல் இருங்கள். பிறகு, அடுத்த ஆஸ்பத்திரிச் சந்திப்புக்கு ஓட்டோத் தம்பி உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேளுங்கள். எப்படியும் அந்தக் காலோடு அவரால் பஸ் ஏற முடியாது.